மாதிரிப் பொதிகளைக் கணக்கில் எழுதுதல்

சென்ற பாடத்தில் காசேடு எழுதும் முறையைக் கண்டோம். காசு வந்தால் ஒரு பக்கம், போனால் மறு பக்கம். ஆனால் காசு வராமலும் போகாமலும் பொருள் மட்டும் கையை விட்டுப் போகும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. புதிய கடைக்காரர் ஒருவருக்கு, "பாவிச்சுப் பாருங்கோ, பிடிச்சால் எடுங்கோ" என்று இனாமாகக் கொடுக்கும் மாதிரிப் பொதியே அது. காசேட்டில் இதற்கு இடமில்லை. ஆகவே பெரும்பாலான கொப்பிகளில் இது எழுதப்படாமலே போய்விடுகின்றது.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியிலும் இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்கள் பல, உழுவதற்குக் காணி இல்லாத நிலையில் கறித்தூள், ஒடியல் மா, வடகம், ஊறுகாய் என்பவற்றைச் செய்து விற்கத் தொடங்கின. சொந்த ஊரில் என்றால் இன்னார் வீட்டுத் தூள் என்ற பேச்சே விற்றுக் கொடுக்கும். அறியாத ஊரில் யார் நம்மை அறிவார்? கொடுத்துக் காட்டித்தான் விற்க வேண்டும். ஆகையால் இடம்பெயர்ந்தவருக்கு மாதிரி கொடுப்பது வீண் செலவல்ல என்பதே எமது கருத்து. ஆனால் அது செலவு. செலவு என்றால் எழுதப்பட வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். எண்கள் விளக்கத்திற்காக மட்டுமே. உங்கள் ஊர் விலையைப் போட்டுச் செய்து பாருங்கள். ஐந்து பெண்கள் சேர்ந்து 15,000 ரூபா முதலிட்டு 100 கிராம் கறித்தூள் பொதிகள் நூறு செய்கின்றனர். செத்தல் மிளகாய், மல்லி, மில் கூலி, பை, லேபல் எல்லாம் சேர்த்து ஒரு பொதியின் கிரயம் 150 ரூபா. விற்கும் விலை 220 ரூபா. மாத முடிவில் 80 பொதிகள் விற்று 17,600 ரூபா கையில் இருக்கின்றது. எட்டுப் பொதிகள் மாதிரியாகக் கடைகளுக்குப் போயின. பெட்டியில் 12 மீதி.

மாதிரியை எழுதாத கொப்பி என்ன சொல்லும்? நூறில் எண்பது போனால் இருபது இருக்க வேண்டும். பெட்டியிலோ பன்னிரண்டுதான். எட்டு எங்கே? கடைகளுக்குக் கொண்டுபோனவர் ஒருவர், பெட்டியின் திறப்பை வைத்திருந்தவர் இன்னொருவர். அன்று கொடுத்ததை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. நல்ல குழுக்கள் உடைவது பெரிய களவினால் அல்ல, இப்படியான எட்டுப் பொதிகளினால்தான்.

இரண்டாவது பாதிப்பு கண்ணுக்குத் தெரியாதது. ஒரு பொதியில் 70 ரூபா இலாபம், எண்பது பொதிக்கு 5,600 ரூபா என்று கணக்குப் பார்த்து அதைப் பங்கிட்டுக் கொள்கின்றனர். மிஞ்சுவது 12,000 ரூபா காசும், 1,800 ரூபா பெறுமதியான 12 பொதிகளும், கூட்டினால் 13,800. போட்ட முதலோ 15,000. மாதிரியின் கிரயமான 1,200 ரூபா இலாபத்தில் கழிக்கப்படாமல் முதலிலிருந்து போய்விட்டது. அடுத்த முறை மிளகாய் வாங்கும்போது காசு காணாது. விலை ஏறிவிட்டது என்று பழியை மிளகாயின் மேல் போடுவார்கள். உண்மையான இலாபம் 4,400 ரூபாதான்.

எழுதும் முறை கடினமல்ல. மாதிரி கொடுத்த அன்றே இருப்புக் கொப்பியில் திகதி, எண்ணிக்கை, யாருக்கு, யார் கொண்டுபோனார் என்று ஒரு வரி. மாத முடிவில் அவற்றைக் கூட்டி, கிரய விலையால் பெருக்கி, விளம்பரக் கணக்கில் வரவும் இருப்புக் கணக்கில் செலவும் வைக்க வேண்டும். இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். எமது பாடப் புத்தகங்களில் பேரேட்டின் இடப்பக்கம் "வரவு", வலப்பக்கம் "செலவு". இந்தியாவில் அச்சான புத்தகங்களில் இடப்பக்கத்தைப் "பற்று" என்றும் வலப்பக்கத்தை "வரவு" என்றும் போட்டிருக்கும். இரண்டையும் கலந்து படித்துத் தலைகீழாக எழுதுவோர் உண்டு. (இந்த இரட்டைப் பதிவு முறையை 1494இல் வெனிஸ் நகரில் அச்சான தமது நூலில் விளக்கி எழுதிய லூக்கா பாச்சியோலி, பிரான்சிஸ்கன் சபைத் துறவி. கணக்கு எழுதுவது ஆன்மீகத்திற்குப் புறம்பானது என்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.)

கிரய விலையா, விற்கும் விலையா என்ற கேள்வி அடிக்கடி வரும். கிரய விலையே. எட்டுப் பொதியையும் 220 ரூபாவுக்கு விற்றதாக எழுதி, அதே 1,760 ரூபாவை விளம்பரச் செலவாகவும் எழுதினால் என்ன என்று சிலர் கேட்பர். இலாபம் அப்போதும் 4,400 என்றுதான் வரும். ஆனால் விற்பனை 19,360 என்று ஏறி நிற்கும். நாளை கடனுக்குப் போகும்போது வங்கிப் புத்தகத்தில் விழுந்த காசும் விற்பனையும் பொருந்தா. கேட்பவருக்கு நீங்கள் பதில் சொல்லவேண்டி வரும்.

எல்லா இனாமும் மாதிரியல்ல. ஒரு டசின் எடுத்த கடைக்காரருக்குப் பதின்மூன்றாவதைச் சும்மா கொடுத்தால் அது விலைக்கழிவு. 13 பொதியின் கிரயமான 1,950 ரூபாவையும் விற்பனைக் கிரயத்திலேயே சேர்க்க வேண்டும். வீட்டுச் சமையலுக்கு எடுத்தது எடுத்தவரின் பற்று. கோயில் பெருநாள் அன்னதானத்திற்குக் கொடுத்தது நன்கொடை. ஈரம்பட்டுக் கட்டியானது நட்டம். நான்கையும் "மாதிரி" என்ற ஒரே பெயருக்குள் தள்ளிவிடுவது வழக்கம். முக்கியமாக வீட்டுக்கு எடுத்ததை!

செலவைக் குறைக்கவும் வழியுண்டு. 100 கிராம் பொதியில் தூளுக்கு 130 ரூபாவும் பைக்கும் லேபலுக்கும் 20 ரூபாவும் என்றால், 20 கிராம் சிறு பொதியில் தூள் 26 ரூபா. சிறு பைக்கு 6 ரூபா வைத்தால் மொத்தம் 32 ரூபா. ஒரு கறிக்கு அது போதும். எட்டுப் பேருக்கும் 256 ரூபாதான்.

மறுபக்கமும் இருக்கின்றது. விதைக் கம்பனியார் மிளகாய் விதையோ பசளையோ மாதிரியாகத் தந்தால், காசு கொடுக்காதபடியால் செலவு பூச்சியம். ஆயினும் எவ்வளவு கிடைத்தது, கடையில் அதன் விலை என்ன என்று ஓரத்தில் குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் அந்தப் போகத்தின் இலாபத்தைப் பார்த்து அடுத்த போகம் அதிகம் நடுவீர்கள். அப்போது விதைக்குக் காசு கொடுக்க வேண்டும்.

சங்கக் கணக்குகள் கணினியில் ஏறும் இடங்களில் குவிக்புக்ஸ், டாலி போன்ற மென்பொருள்கள் பாவனையில் உள்ளன. அங்கு பலர் செய்வது, மாதிரிக்கும் பூச்சிய விலையில் ஒரு சிட்டை போடுவது. இருப்பு சரியாகக் குறையும். ஆனால் கிரயம் விற்பனைக் கிரயத்திற்குள் போய்விடும். விளம்பரத்துக்கு எவ்வளவு போனது என்று பிறகு தேடினாலும் கிடையாது. குவிக்புக்ஸில் இருப்பின் அளவைத் திருத்தும் பக்கத்திற்குப் போய் எட்டைக் குறைத்து, எந்தக் கணக்கில் எழுதுவது என்று கேட்கும் இடத்தில் விளம்பரக் கணக்கைத் தெரிவு செய்வதே நல்லது. அந்தப் பெயரில் கணக்கு இல்லையென்றால் முதலில் செலவுக் கணக்காக ஒன்றைத் திறந்து கொள்ளுங்கள். கணினி எதையும் தானாக அறியாது. கொப்பியில் அன்றன்று எழுதிய வரி இருந்தால்தான் பதிபவருக்கு எண் கிடைக்கும்.

பயிற்சி: ஒடியல் மாப் பொதிகள் 60, ஒன்றின் கிரயம் 100 ரூபா. 45 பொதிகள் 160 ரூபா வீதம் விற்கப்பட்டன. 5 மாதிரியாகக் கொடுக்கப்பட்டன. 2 பழுதாயின. 1 வீட்டுக்கு எடுக்கப்பட்டது. மீதிப் பொதிகள் எத்தனை, இலாபம் எவ்வளவு? (விடை: 7 பொதிகள், 2,000 ரூபா. வீட்டுக்கு எடுத்த 100 ரூபாவை இலாபத்தில் கழிக்கக்கூடாது.)