ஒடிந்த வாலும் ஓடும் சுழலியும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

வானில் ஹெலிகாப்டர் செல்லும் ஓசை கேட்டால், கையிலிருப்பதைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடிவந்து அண்ணாந்து பார்ப்பவர்களில் நானும் ஒருவன். 1939-இல் சிகோர்ஸ்கி தமது வி.எஸ்.-300 ஹெலிகாப்டரைத் தரையிலிருந்து எழுப்பினார். அதனைச் சிறு வடிவில் செய்து, வானொலி அலைகளால் கட்டுப்படுத்திப் பறக்கவிட மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. மேற்கு ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர் 1970-ஆம் ஆண்டளவில்தான் அதில் வெற்றி கண்டார். வரலாறு இவ்வளவு போதும். நான் எழுத வந்தது ஒடிந்துபோன ஒரு மாதிரி ஹெலிகாப்டரைப் பற்றி.

என் மாமாவின் பழைய பொருள் கடைக்கு அது மூட்டையோடு மூட்டையாக வந்து சேர்ந்தது. மின்மோட்டாரால் இயங்குவது, சுழலியின் விட்டம் ஏறத்தாழ 70 செ.மீ. அலுமினிய வால் குழாய் நடுவில் பாதிச் சுற்றளவுக்கு வெடித்திருந்தது. இறக்கைகள் இரண்டையும் தாங்கும் குறுக்குத் தண்டு வளைந்திருந்தது. பெரிய பற்சக்கரத்தில் பாதிப் பற்களைக் காணோம். "அறிவியல் கண்காட்சியில் இதைப் பறக்க வைத்துக் காட்டுகிறேன்" என்று துறையில் எல்லோர் முன்னிலும் சொல்லிவிட்டேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அந்தச் சொல் என்னைப் பல நாள் உறங்கவிடவில்லை.

முதலில் வால் குழாய். உள்ளே மூங்கில் செருகலாம் என்று நினைத்தேன். வால் சுழலியை இயக்கும் பட்டை அதனுள்தான் ஓடுகிறது என்பதால் முடியவில்லை. எனவே வெளியே அலுமினியத் தகட்டை உறைபோல் சுற்றி அரால்டைட் இட்டு ஒட்டினேன். மறுநாள் கையால் வளைத்துப் பார்த்தபோது, உறை முடியும் இடத்தில் புதிதாக வெடித்தது! ஒரு விரிசலுக்கு இரண்டாயிற்று.

என் தந்தையார் சைக்கிள் பழுதுபார்ப்பவர். குழாயைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒட்டுப் போட்ட எடம் ஒடியாதுடா தம்பி, ஒட்டு முடியுற எடந்தான் ஒடியும்" என்றார். தகைவுச் செறிவு என்று நாம் படிப்பது இதுவே. விறைப்பான பகுதி திடீரென முடிந்தால், வளைவு முழுவதும் அந்த ஓரத்தில் குவிகிறது. பிறகு சூடுகாட்டி உறையைக் கழற்றி, உப்புத்தாள் தேய்த்து, கண்ணாடி இழைத் துணியைப் பிசினில் நனைத்து மூன்று அடுக்காகச் சுற்றினேன். முதல் அடுக்கு 12 செ.மீ., அடுத்தது 9, மேலடுக்கு 6. ஓரங்கள் படிப்படியாக மெலிந்தன. ஓர் அடுக்கின் இழைகளை நீளவாக்கிலும், மற்றவற்றை 45 பாகைச் சாய்விலும் வைத்தேன். நீள இழை வளைவையும், சாய்ந்த இழை முறுக்கத்தையும் தாங்கும்.

இதனால் வாலில் 9 கிராம் கூடியது. சுழலி அச்சிலிருந்து 20 செ.மீ. தொலைவில் அது இருப்பதால் திருப்புத்திறன் 180. எனவே 180 கிராம் மின்கலத்தை 1 செ.மீ. முன்னே தள்ளினேன், ஈர்ப்பு மையம் அச்சுக்குக் கீழே வந்துவிட்டது. பள்ளியில் படித்த நெம்புகோல் விதி!

நான் தவறு செய்யவிருந்தது குறுக்குத் தண்டில்தான். லேத் பட்டறையில் சாதாரண மென் எஃகுக் கம்பியைக் கடைந்து, முனைகளில் மரை வெட்டி வாங்கி வந்தேன். அளவு கச்சிதம். மகிழ்ச்சியோடு எங்கள் விரிவுரையாளர் அவர்களிடம் காட்டினேன். அவர் கையில் வாங்காமலே, "இறக்கை இதை எவ்வளவு விசையோடு இழுக்கும்? கணக்குப் போட்டாயா?" என்று கேட்டார். போடவில்லை.

இறக்கையின் நிறை 30 கிராம். அதன் ஈர்ப்பு மையம் அச்சிலிருந்து 19 செ.மீ. சுழற்சி நிமிடத்திற்கு 2500, அதாவது நொடிக்கு ஏறத்தாழ 262 ரேடியன். விடை 390 நியூட்டன்! நாற்பது கிலோ மூட்டையைத் தொங்கவிட்டதற்குச் சமம். அதனைத் தாங்குவது 2.5 மி.மீ. திருகு ஒன்று. வெறும் இழுவை மட்டுமென்றால் என் கம்பி தாங்கியிருக்கும். ஆனால், முன்னோக்கிப் பறக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வளைவுச் சுமையும் மாறி மாறி ஏறுகிறது. பத்து நிமிடத்தில் 25,000 முறை. உலோகம் களைப்புற்று அறுந்தால், இறக்கை நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் பாயும். கண்காட்சியில் முன்வரிசையில் அமர்பவர்கள் பள்ளிக் குழந்தைகள். நான் அந்தக் கம்பியை வீட்டுக்குக்கூட எடுத்துப் போகவில்லை. பதப்படுத்திய எஃகாலான அசல் தண்டையும், அச்சுவழி இழுவையைத் தாங்கும் உந்து தாங்கிகளையும் விலைக்கு வாங்கினோம். பாதிப் பணம் ஐயா அவர்கள் கொடுத்தது.

கண்காட்சியன்று, பறக்கவிடத் தெரிந்த மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒருவர் கட்டுப்பாட்டுப் பெட்டியை இயக்கினார். குழந்தைகளை இருபது மீட்டருக்கு அப்பால் நிறுத்தினோம். விளையாட்டுத் திடலில் அது எழுந்து, ஆள் உயரத்தில் நான்கு நிமிடம் நின்றது. இறங்கும்போது காற்றில் சாய்ந்து இறக்கை புல்லில் மோதியது. வால் தாங்கியது, தண்டும் தாங்கியது. புதிதாகப் போட்ட பிளாஸ்டிக் பற்சக்கரம் மட்டும் பல்லிழந்தது.

வேலி ஓரம் நின்றிருந்த அப்பா அதைக் கையில் வாங்கி, "இதை இரும்புலயே செஞ்சிரலாமே?" என்றார்.

"வேணாம்ப்பா. இது ஒடியலேன்னா அந்த அடி மோட்டாருக்குப் போகும்" என்றேன்.

அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.