நிகழ்காலம் என்றால் ‘இப்போது’ மட்டுமா?

ஆங்கில இலக்கணம் என்றதும் நம் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணை. அதை மனப்பாடம் செய்தவர்கள் பரீட்சையில் மார்க் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் நேர்முகத் தேர்வில் நாலு வாக்கியம் பேசத் தடுமாறுகிறார்கள். அட்டவணையோடு ஒட்டிக்கொண்டு வந்த சில தவறான நம்பிக்கைகளுக்கு இதில் பெரும் பங்கு உண்டு.

நம்பிக்கை: சிம்பிள் பிரசன்ட் என்பது இப்போது நடப்பதைச் சொல்வது.

உண்மை: பெரும்பாலும் அப்படி இல்லை. ‘ஷி டீச்சஸ் மேத்ஸ்’ என்று நாம் சொல்லும் நேரத்தில் அந்த ஆசிரியை வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கலாம். அவர் கணக்கு டீச்சர் என்பதுதான் செய்தி. வழக்கம், இயல்பு, என்றும் மாறாத உண்மை ஆகியவற்றைச் சொல்வதே இந்த வடிவத்தின் முதன்மையான வேலை. கண்ணெதிரே பாடம் நடந்துகொண்டிருந்தால் ‘ஷி இஸ் டீச்சிங்’ என்று சொல்ல வேண்டும். கிரிக்கெட் வர்ணனை போன்ற சில இடங்களில் மட்டும், நடக்கிற அதே நொடியைச் சொல்லவும் சிம்பிள் பிரசன்ட் வரும்.

தமிழ் படித்தவருக்கு இது புதிதல்ல. மூன்று காலத்திலும் ஒரே தன்மையாக இருக்கும் பொருளை நிகழ்காலத்தால் சொல்ல வேண்டும் என்று நன்னூலில் பவணந்தி முனிவர் விதி வகுத்திருக்கிறார். ‘மலை நிற்கிறது’ என்பது அந்த வகை.

நாம் சறுக்குவது வேறோர் இடத்தில். ‘அப்பா தினமும் அஞ்சு மணிக்கு எழுந்திருப்பார்’ என்று வழக்கத்தை எதிர்கால வினையால் சொல்வது தமிழின் அழகு. அதே பழக்கத்தில் ‘மை ஃபாதர் வில் கெட் அப் அட் ஃபைவ் டெய்லி’ என்று பேசிவிடுகிறோம். கேட்பவர், அப்பா இனிமேல்தான் அப்படி எழப்போகிறார் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். அங்கே ‘கெட்ஸ் அப்’ போதும். தமிழ் பேசுவோர் முதலில் திருத்திக்கொள்ள வேண்டியது இதைத்தான் என்பேன். வகுப்பறையில் இதைத் தமிழ் வாக்கியத்தோடு பக்கத்தில் வைத்துக் காட்டினால், பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

நம்பிக்கை: வினையோடு ‘இங்’ சேர்த்தால் ஆங்கிலம் நிறைவாக ஒலிக்கும்.

உண்மை: ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’, ‘ஐ ஆம் நோயிங் தமிழ்’ என்பவை இந்த நம்பிக்கையில் பிறந்தவை. உடன்பிறப்பு இருப்பதும் மொழி தெரிவதும் ஒரு நிலை. நடந்துகொண்டிருக்கும் செயல் அல்ல. ஆகவே ‘ஐ ஹேவ்’, ‘ஐ நோ’ என்றாலே போதும். ஆனால் ‘ஹேவ்’ என்ற சொல்லுக்கு ‘இங்’ வரவே கூடாது என்பதும் தவறு. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ என்பது முற்றிலும் சரி. பொருள்தான் முடிவு செய்கிறது. ‘ஐ லிவ் இன் மதுரை’ என்பவருக்கு மதுரை நிலையான இருப்பிடம். ‘ஐ ஆம் லிவிங் இன் மதுரை’ என்பவர், தற்போதைக்கு அங்கே இருப்பதாக உணர்த்துகிறார்.

நம்பிக்கை: நாளை நடப்பதற்கு ‘வில்’ கட்டாயம்.

உண்மை: கட்டாயமில்லை. கால அட்டவணைப்படி நாளைக் காலை ஆறு மணிக்குப் புறப்படும் ரயிலுக்கு ‘லீவ்ஸ்’ வரும். பேசி முடிவான சந்திப்புக்கு ‘ஐ ஆம் மீட்டிங் ஹர் டுமாரோ’. நாமும் ‘நாளைக்கு ஊருக்குப் போறேன்’ என்றுதானே சொல்கிறோம்! ராண்டால்ஃப் குவர்க்கும் மற்ற மூவரும் எழுதி 1985இல் வெளிவந்த பெரிய இலக்கண நூல், வினைச்சொல்லின் வடிவத்தைக் கொண்டு பார்த்தால் ஆங்கிலத்தில் நிகழ்காலம், இறந்தகாலம் என இரண்டே காலங்கள்தான் என்கிறது.

நம்பிக்கை: ‘எஸ்’ வந்தால் பன்மை.

உண்மை: பெயர்ச்சொல்லில் மட்டும். வினையில் அது படர்க்கை ஒருமையின் அடையாளம். 1611இல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளில் அந்த இடத்தில் ‘எத்’ என்ற பழைய விகுதி நிற்கும். கேள்வியாக மாறும்போது ‘எஸ்’ ‘டூ’வுக்குப் போய் ‘டஸ்’ ஆகிவிடும். பிறகு முதன்மை வினைக்கு அது தேவையில்லை: ‘டஸ் ஹி கோஸ்’ அல்ல, ‘டஸ் ஹி கோ’.