மாரியில் சுருண்டு கிடக்கும் நாய்

சோளகக் காற்று ஓய்ந்து, தலைமன்னார் முதல் அரிப்பு வரையுள்ள கரையோரத்தை ஐப்பசி மழை நனைக்கத் தொடங்கியிருக்கும் இவ்வேளையில், வீட்டில் நாய் வளர்ப்போர் முதலில் செய்யவேண்டிய காரியம், தங்கள் நாய் சௌக்கியமாக இருக்கும்போது எப்படி இருக்கிறது என்பதை நிதானமாகப் பார்த்து மனத்தில் பதித்துக்கொள்வதேயாகும். கோடையில் பெருக்கமரத்து நிழலிலோ, வளவு மணலைத் தோண்டிய குழியிலோ பகலெல்லாம் படுத்துக் கிடக்கும் நாய், பொழுது சாய்ந்த பின்னும் எழுந்து தெருவுக்கு ஓடாவிட்டால் வீட்டார் உடனே சந்தேகப்படுவார்கள். மாரியிலோ, விறாந்தை மூலையில் சாக்கின்மேல் நாள் முழுவதும் சுருண்டு கிடந்தாலும், “மழைக் குளிருக்குக் கிடக்கிறது” என்று சொல்லிவிட்டு நாம் நம் அலுவலைப் பார்க்கப் போய்விடுகிறோம். வியாதியின் முதலிரண்டு தினங்கள், சிகிச்சை மிகுந்த பலன் தரக்கூடிய அத்தினங்கள், இப்படியே கழிந்துபோகின்றன.

குளிருக்குச் சுருண்ட நாய்க்கும் சுகவீனத்தால் சுருண்ட நாய்க்கும் பேதம் காண்பது கடினமன்று. காலையில் மீன்காரரின் சைக்கிள் சத்தம் கேட்டதும், மழை பெய்தாலும் படலை வரை வந்து வாலாட்டும் நாய், தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டால், அன்றைக்கு அதன் அருகில் சென்று உட்காருங்கள். மேலுதட்டை விலக்கி முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக ஈரத்துடன் இருக்கவேண்டிய அது வெளிறியோ மஞ்சள் பூத்தோ இருத்தலாகாது. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 செக்கனுக்குள் பழைய நிறத்தை அடையவேண்டும். தோள்மேல் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டால் அது உடனே படிந்துவிட வேண்டும். கூடாரம்போல் நின்றால் சரீரத்தில் நீர் குறைந்துவிட்டது என்று கொள்க. மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. தூங்கி எழுந்த நாயின் மூக்கும் காய்ந்துதான் இருக்கும், ஆகையால் அந்தப் பரீட்சையை நம்பவேண்டாம். நாய்க்கென்று ஒரு வெப்பமானியை ஒதுக்கி, ஆசனவாயில் மெதுவாக வைத்துப் பார்ப்பதே நிச்சயமான வழி. நாயின் தேக உஷ்ணம் இயல்பாகவே 100.5 முதல் 102.5 பாகை பரனைற் வரை இருக்கும் என்பதையும், நமக்குக் காய்ச்சலான 102 அதற்குச் சுகமே என்பதையும் மறவாதிருக்க.

இந்தப் பருவத்தில் நான் மிகவும் அஞ்சுவது எலிக்காய்ச்சலையே. 2024 நவம்பர் இறுதியில் பெய்த பெருமழையை அடுத்து, டிசம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்திலே பரவிய காய்ச்சல் சிலருடைய உயிரைக் கொண்டுபோனபோது, அது எலிக்காய்ச்சலே என்று பரிசோதனைகள் காட்டின. மனிதருக்கு வரும் அதே வியாதி நாய்க்கும் வரும். எலியும் மாடும் சிறுநீரில் கழிக்கும் கிருமி, ஈர மண்ணிலும் தேங்கிய நன்னீரிலும் வாரக்கணக்கில் உயிருடன் கிடந்து, கீறல் பட்ட தோல் வழியாகவும் வாய் வழியாகவும் உட்புகுந்து சிறுநீரகத்தையும் ஈரலையும் கெடுக்கிறது. ஆதலால் கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பிப் பெரும்போகம் செய்யும் நானாட்டான், உயிலங்குளம், முருங்கன் பக்கத்து நாய்கள், எசமானுக்குப் பின்னால் வயல்வரம்பில் ஓடி வாய்க்கால் நீரைக் குடிப்பவை, விசேஷ அபாயத்தில் உள்ளன. முதலில் காய்ச்சலும் நடுக்கமும் தோன்றும். இடுப்பையோ தொடையையோ தொட்டால் முனகும். வழக்கத்துக்கு மாறாகத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிக்கும். பின்னர் சத்தி எடுக்கும். கண்வெள்ளையில் மஞ்சள் படரும் வரை காத்திருப்பது மெத்தத் தாமதம். அந்த நாயின் சிறுநீர் வீட்டாருக்கும் நோயைத் தரும். கையுறையின்றி அதைத் துடைக்கவோ, குழந்தைகளை அவ்விடத்தில் வெறுங்காலுடன் நடக்கவிடவோ கூடாது. வயலில் இறங்குவோருக்குச் சுகாதாரப் பகுதியினர் கொடுக்கும் தடுப்பு மாத்திரையில் ஒன்றை நாய்க்கும் போட்டுவிடலாம் என்று எவரும் எண்ணவேண்டாம். நாய்க்கான எலிக்காய்ச்சல் தடுப்பூசி வேறாக உண்டு.

உண்ணிக் காய்ச்சலுக்கு வருடத்தில் எல்லா மாதமும் பருவமே. காதின் உட்புறத்தையும் கால்விரல் இடுக்கையும் வாரம் இருமுறை தடவிப் பார்த்து, உண்ணியைச் சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள். மண்ணெண்ணெயும் இயந்திரக் கழிவெண்ணெயும் பூசும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. நாய் அதை நக்கி, தோலும் வெந்து, வயிறும் கெட்டுப்போவதைத் தவிர வேறு பிரயோசனம் இல்லை. குட்டிகள் சத்தி எடுத்து, துர்நாற்றத்துடன் இரத்தமாகக் கழிந்தால் அது பெரும்பாலும் பார்வோ. நாளை பார்ப்போம் என்பதற்கு அதில் இடமில்லை. அந்நோயால் குட்டி இறந்த வளவிலே கிருமி பல மாதம் கிடக்குமாகையால், தடுப்பூசி போடாத புதிய குட்டியை அங்கே கொண்டுவராதீர்கள்.

விசர் நோய்க்கும் பருவமில்லை. 1973ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 300க்கு மேற்பட்டோரைக் கொன்ற அந்நோய், நாய்களுக்குப் பெருமளவில் தடுப்பூசி போடப்பட்டதாலேயே வெகுவாகக் குறைந்தது. விசர் என்றதும் வெறிகொண்டு கடிக்க ஓடும் நாயையே எல்லாரும் நினைக்கிறார்கள். ஆனால் ஊமை விசர் என்று ஒன்று உண்டு: நாய் இருட்டில் ஒதுங்கும், கீழ்த்தாடை தொங்கும், எச்சில் வடியும், விழுங்க முடியாமல் தவிக்கும். மீன் தின்னும் நம் கரையில், “முள் சிக்கிவிட்டது” என்று வாய்க்குள் கையை விடத் தோன்றுவது இயல்பே. விடவே கூடாது. கடியோ கீறலோ எச்சிலோ பட்டால், சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாயைக் கொன்றுவிடாமல் கட்டியோ அடைத்தோ வைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். வருடாந்தத் தடுப்பூசி தவறியிருந்தால் இம்மாதமே போட்டுக்கொள்க. கட்டாக்காலி நாய்களுக்குச் சோறு வைக்கும் நல்ல மனிதர்கள், ஊசி போடும் நாளில் அவற்றைப் பிடித்துக் கொடுத்தால் அந்தச் சோற்றுக்குப் பூரண பலன் உண்டு.

பேசாலையிலும் பள்ளிமுனையிலும் வலையிலிருந்து கழித்து எறியப்படும் பேத்தை மீனைத் தின்ற நாய் சிறிது நேரத்தில் தள்ளாடிப் பின்னங்கால் சோர்ந்து விழக்கூடும். இதற்கு வீட்டு ஔஷதம் ஒன்றுமில்லை. ஆகவே கழித்த மீனை நாய்க்கு எட்டாதபடி மணலிலே புதைப்பதுதான் வழி.

நாய்க்குக் காய்ச்சல் கண்டால் பனடோல் கொடுக்காதீர்கள். அது ஈரலையும் இரத்தத்தையும் கெடுக்கும், இபுபுரோபன் அதைவிடக் கேடு. தலைமன்னாரிலிருந்து மன்னார் நகருக்கு ஏறக்குறைய 30 கிலோமீற்றர். மழை நாளில் முச்சக்கர வண்டி கிடைப்பதும் அருமை. ஆகவே மிருக வைத்திய அலுவலகத்தின் தொலைபேசி இலக்கத்தை இப்போதே குறித்துவைத்து, புறப்படுமுன் பேசிவிடுங்கள்: எந்த நேரத்திலிருந்து சாப்பிடவில்லை, எத்தனை முறை சத்தி, சிறுநீரின் நிறம் என்ன, கடைசியாக எப்போது எந்த ஊசி போட்டது என்பவற்றைச் சொல்லுங்கள். வலியில் இருக்கும் நாய் தன் எசமானையும் கடிக்கும். மென்மையான துணிப்பட்டியால் வாயைக் கட்டி ஏற்றலாம், ஆனால் சத்தி எடுக்கும் நாய்க்கும் மூச்சு வாங்கும் நாய்க்கும் அப்படிக் கட்டாமல், பழைய போர்வையில் சுற்றி, தலையை வெளியே விட்டுக் கொண்டுசெல்லுங்கள்.