இருந்தே தீரவேண்டியவன்

இறைவன் உளன் என்று நாம் நம்புகிறோம். அதற்கு அறிவு காட்டும் ஆதாரம் யாது என்று நம் பிள்ளைகள் கேட்டால், “அப்படியெல்லாம் கேட்கக்கூடாது” என்று வாயை அடைத்துவிடுவது முறையன்று. ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே நம் அறிஞர்கள் இக்கேள்வியை ஆராய்ந்து விடை கூறியிருக்கின்றனர். அவ்விடைகளுள் ஒன்றை ஈண்டுக் கவனிப்போம்.

புகாராவுக்கு அருகே 980-இல் பிறந்து, 1037-இல் ஹமதானில் மறைந்த இப்னு ஸீனா பெரும் மருத்துவர்; தத்துவ ஞானியுமாவார். நாம் எதை எண்ணினாலும் அது மூவகையுள் ஒன்றாகவே இருக்கும்.

முதலாவது, இருக்கவே முடியாதது. நாற்கோணமான வட்டம் எங்கும் இல்லை, இருக்கவும் முடியாது.

இரண்டாவது, இருக்கவும் கூடும், இல்லாமற்போகவும் கூடும் என்பது. நம் கடை, அதிலுள்ள சரக்கு, நாம், கடல், மலை யாவும் இவ்வகையே. இதனை ‘மும்கின்’ என்பர்.

மூன்றாவது, இல்லாமலிருக்கவே முடியாதது. இதுவே ‘வாஜிபுல் வுஜூது’.

‘மும்கின்’ என்பது சமமாக நிற்கும் தராசுத் தட்டுகளைப் போன்றது. ஒரு தட்டில் உண்மை, மறுதட்டில் இன்மை. உண்மையின் தட்டுத் தாழ்ந்து அப்பொருள் உண்டாயிற்றெனில், தாழ்த்திய காரணம் ஒன்று வெளியே இருந்தாகவேண்டும்.

“இதற்குக் காரணம் அது, அதற்குக் காரணம் மற்றொன்று என்று முடிவின்றிப் போகட்டுமே!” என்று சிலர் கூறலாம். நம் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் காண்போம். நம் பெட்டியில் ஆயிரம் வெள்ளி இருக்கிறது. அது ஒருவரிடம் வாங்கிய கைமாற்று. அவரும் இன்னொருவரிடம் கைமாற்றாக வாங்கியே கொடுத்தார். அந்த இன்னொருவரும் அவ்வாறே. இவ்வரிசை எவ்வளவு நீண்டாலும், ஒருவரிடமும் சொந்த முதல் இல்லையெனில் நம் பெட்டிக்குப் பணம் வந்திராது. பணமோ வந்திருக்கிறது! ஆகவே கடன்படாத முதலாளி ஒருவர் இருந்தே தீரவேண்டும். இப்னு ஸீனா சொல்வதும் இதுவே. மும்கின்கள் அனைத்தையும் ஒருசேரக் கூட்டினாலும், அக்கூட்டமும் மும்கினே; அதற்கும் புறத்தே ஒரு காரணம் வேண்டும். அது வாஜிபாகவே இருத்தல்வேண்டும். உறுப்புகள் சேர்ந்து ஆனது அவ்வுறுப்புகளை நம்பி நிற்குமாதலால், வாஜிபு உறுப்புகளற்றது, ஒன்றே ஒன்று.

இத்துடன் பாடம் முடிந்துவிடவில்லை. இமாம் கஸ்ஸாலி (1058–1111), 1095-இல் முடித்த ‘தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா’ என்னும் நூலில் தத்துவ ஞானிகளை வன்மையாக மறுத்தார். கதிரவனிடமிருந்து ஒளி வீசுவதுபோல் உலகம் இறைவனிடமிருந்து என்றென்றும் வெளிப்படுகிறது என்றால், அவனது நாட்டத்துக்கு இடமேது? தனித்தனி நிகழ்ச்சிகளையும் இறைவன் பொதுவகையிலேயே அறிகிறான் என்றார் இப்னு ஸீனா. அணுவளவும் அவனறிவுக்குத் தப்பாது என்று அவர் கூறியபோதிலும், கஸ்ஸாலி அதனை ஏற்கவில்லை. அவ்வாறாயின் ஸைது என்பவன் கீழ்ப்படிந்தானா, மாறுசெய்தானா என்பதை இறைவன் அறியமாட்டான் என்றன்றோ ஆகும் என வினவினார்.

வணிகர்களாகிய நாம் இவ்வினாவை இலேசாகத் தள்ளிவிட இயலாது. ‘முதற்காரணம் ஒன்று உண்டு’ என்று ஒப்புவதனால் மட்டும் எவருடைய படிக்கல்லும் சரியாகிவிடாது. இன்று, இக்கடையில், இந்த வாடிக்கைக்காரருக்கு நாம் நிறுத்த அளவை அறிகின்றவன் ஒருவன் இருக்கிறான் என்ற உணர்வே கையை நேராக நிறுத்தும்.

இவ்வட்டாரத்தில் ‘சிபாத் துவா புலோ’ என்று மலாய் மக்கள் பயிலும் இருபது பண்புகளின் பாடம், 1490-இல் மறைந்த இமாம் ஸனூஸியின் நூலை அடியொற்றியது. அதில் முதலாவது ‘வுஜூது’, உளனாதல். ஐந்தாவது, எதன் தேவையுமின்றித் தானே நிலைத்தல். எட்டாவது நாட்டம், ஒன்பதாவது அறிவு. இப்னு ஸீனாவின் ஆதாரம் முதலாவதை நமக்கு விளக்குகிறது. கஸ்ஸாலியின் எச்சரிக்கை எட்டாவதையும் ஒன்பதாவதையும் மறவாதிருக்கச் செய்கிறது. இரண்டையும் சேர்த்தே நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போமாக!