ப்ராக்ஸி மக்கர் செய்கிறதா? பழுதைப் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வைஃபை முழுசாகக் காட்டுகிறது. அதே வைஃபையில் போனில் வாட்ஸ்அப் ஓடுகிறது. கம்ப்யூட்டரில் மட்டும் ஒரு பக்கமும் திறக்கவில்லை. பக்கத்துத் தெரு ஜெராக்ஸ் கடைத் தம்பி இந்தப் புகாரோடுதான் வந்தார். "மோடத்தை நாலு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன்ணே!" மோடம் பாவம், அதன்மேல் தப்பே இல்லை. ப்ராக்ஸியில் கோளாறு என்று குரோம் திரையிலேயே சொல்லியிருந்தது. அதைத்தான் யாரும் படிக்கவில்லை.

ப்ராக்ஸி என்பது நடுவில் நிற்கும் ஆள். நீங்கள் கேட்பதை வாங்கிக்கொண்டு வெளியே போய், பதிலோடு திரும்பி வரும். ஆக, வழி இரண்டு துண்டு: உங்களிடமிருந்து ப்ராக்ஸி வரை ஒன்று, அங்கிருந்து வெளித்தளம் வரை இன்னொன்று. எந்தத் துண்டு அறுந்தது என்பதுதான் கேள்வி.

படி 1: திரையில் வந்ததைப் படியுங்கள்

ப்ராக்ஸி இணைப்பே கிடைக்கவில்லை, அல்லது ப்ராக்ஸி மறுக்கிறது என்று வந்தால் முதல் துண்டில் பழுது. 407 வந்தால் ப்ராக்ஸியின் வாசல் வரை போய்விட்டீர்கள். உள்ளே விட அது பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிறது. 502, 504 என்றால் பெரும்பாலும் இரண்டாம் துண்டு. வேறொரு தளத்தைத் திறந்து பாருங்கள். அது வந்தால், முதல் தளத்தில்தான் சிக்கல் இருக்க வாய்ப்பு அதிகம்.

படி 2: முகவரியும் போர்ட்டும்

என் அனுபவத்தில் பாதிக்கு மேல் இங்கேயே தீர்ந்துவிடும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' போய் 'ப்ராக்ஸி'யைத் திறங்கள். தம்பியின் கம்ப்யூட்டரில் அங்கே 127.0.0.1 என்று இருந்தது. அது வெளியூர் முகவரி இல்லை, அந்தக் கம்ப்யூட்டரேதான். ஏதோ ஒரு மென்பொருளைப் போட்டுப் பார்த்துவிட்டு அழித்திருக்கிறார்; ஆள் போய்விட்டது, பெயர்ப்பலகை மட்டும் மாட்டியபடி இருக்கிறது. சுவிட்சை அணைத்தோம், நெட் வந்துவிட்டது. அணைத்த பிறகும் தானாகவே ஆன் ஆகிறதென்றால், உள்ளே ஏதோ ஒரு புரோகிராம் அதைச் செய்கிறது. வைரஸ் சோதனை போடுங்கள். அலுவலகக் கம்ப்யூட்டர் என்றால் கேட்காமல் அணைக்காதீர்கள்.

போர்ட் எண்ணும் முக்கியம். ஸ்க்விட் என்ற ப்ராக்ஸி மென்பொருள் வழக்கமாக 3128-இல் இருக்கும், சாக்ஸ் ப்ராக்ஸி 1080-இல். சாக்ஸ் போர்ட்டை எச்டிடிபி கட்டத்தில் போட்டால் வேலை செய்யாது. குரோம் விண்டோஸ் அமைப்பையே எடுத்துக்கொள்ளும். ஃபயர்ஃபாக்ஸில் தனியாகவும் ப்ராக்ஸி வைக்கலாம். ஒன்றில் வந்து மற்றதில் வராததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

படி 3: கதவு திறந்திருக்கிறதா?

பிங் போட்டுவிட்டுத் திருப்திப்படாதீர்கள். அது போர்ட்டைச் சோதிப்பதில்லை. பவர்ஷெல்லில் 'டெஸ்ட்-நெட்கனெக்ஷன்' (Test-NetConnection) கட்டளைக்கு முகவரியையும் போர்ட்டையும் சேர்த்துக் கொடுங்கள். அதில் தோல்வி என்றால், பிழை எப்படி வருகிறது என்று கவனியுங்கள். உடனே மறுப்பு வந்தால், பெரும்பாலும் அந்த இயந்திரம் இருக்கிறது, ப்ராக்ஸி மென்பொருள் ஓடவில்லை. வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருந்து டைம்அவுட் ஆனால், ஃபயர்வால் தடுக்கலாம் அல்லது முகவரி தவறாக இருக்கலாம்.

படி 4: 407 விடாமல் கேட்டால்

பாஸ்வேர்டை மாற்றியிருப்பீர்கள், விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜர் பழையதையே நீட்டிக்கொண்டிருக்கும். அதை அழியுங்கள். முகவரி வரியிலேயே பாஸ்வேர்டு எழுதும் மென்பொருள்களில் இன்னொரு பொறி உண்டு: பாஸ்வேர்டில் @ இருந்தால், அதற்குப் பின்னால் வருவதைச் சர்வர் பெயர் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். @ இருக்கும் இடத்தில் %40 போடுங்கள்.

படி 5: சான்றிதழ் எச்சரிக்கை

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். தேதி தவறினால் நல்ல சான்றிதழும் காலாவதியாகத் தெரியும். தேதி சரியாக இருந்து, அலுவலக ப்ராக்ஸியில் மட்டும் எச்சரிக்கை வந்தால், நிறுவனத்தின் சான்றிதழ் உங்கள் கம்ப்யூட்டரில் ஏறாமல் இருக்கலாம். 'பரவாயில்லை' என்று தாண்டிப் போகாமல் அட்மினிடம் கேளுங்கள்.

கேட்கும்போது "நெட் வரல" என்று மட்டும் சொல்லாதீர்கள். பிழை எண், தளத்தின் பெயர், மணி எத்தனை, இந்த மூன்றையும் சொல்லுங்கள். ஸ்க்விட் போன்ற ப்ராக்ஸியின் லாக் கோப்பில் ஒவ்வொரு கோரிக்கையும் நேரத்தோடு பதிவாகியிருக்கும். அவர் தேட வேண்டிய வரி அங்கேதான் இருக்கிறது.