பேத்தி கேட்ட சர்நேம்

கேள்வி: என் தம்பி பேத்தி கனடாவில், மாண்ட்ரியலில் படிக்கிறாள். கூடப் படிக்கும் பிரெஞ்சுப் பிள்ளைகள் பத்துத் தலைமுறைப் பெயர் சொல்கிறார்களாம். “நம்ம சர்நேம் எங்கேயிருந்து வந்தது தாத்தா?” என்கிறாள். எனக்கோ என் தாத்தாவுக்கு மேல் தெரியாது. எங்கே தேடுவது?
- வாசகர், கோவில்பட்டி

பதில்: அந்தப் பிள்ளைகளுக்கு வேலை சுலபம். கியூபெக்கில் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே மாதா கோயில் ஏட்டில் ஏறியிருக்கின்றன. பெண்களைக்கூடப் பிறந்த வீட்டுப் பெயரிலேயே எழுதிவைத்தார்கள். குழப்பம் அங்கேயும் உண்டு. 1665-இல் வந்த பட்டாளத்துக்காரர்களின் பட்டப்பெயர்கள் ஒட்டிக்கொண்டு “இன்னார் என்கிற இன்னார்” ஆகிவிட்டன. ஒரு மகன் வழி முன்பெயரை எடுக்க, இன்னொரு மகன் வழி பின்பெயரை எடுத்தது.

உங்கள் பேத்தியின் சர்நேம் பெரும்பாலும் அவள் அப்பா பெயராகவோ தாத்தா பெயராகவோ இருக்கும்; பாஸ்போர்ட்டுக் கட்டத்தை நிரப்ப எழுதியது. அதைப் பிடித்து ஏறினால் ஓரிரு படியோடு சரி. நம்மிடம் தாத்தா பெயர் பேரனுக்கு. மா. கருப்பசாமி, அவர் மகன் க. மாரியப்பன், மறுபடியும் மா. கருப்பசாமி. எந்தக் கருப்பசாமி என்று வருஷத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் என்றால் வம்சத்தோடு இறங்கும் வீட்டுப்பெயர் இருக்கும், பெரியவர்களிடம் கேளுங்கள்.

முதலில் டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய பத்திரத்தை எடுங்கள். விற்றவர், வாங்கியவர் பெயரோடு தகப்பன் பெயரும் இருக்கும். எல்லோரும் அதோடு மடித்துவைத்துவிடுவார்கள். நீங்கள் நான்கெல்லையைப் படியுங்கள். “ஓடைக்குக் கிழக்கு, இன்னார் புஞ்சைக்கு வடக்கு” என்று வருகிறதல்லவா, அந்த ‘இன்னார்’ பல சமயம் பங்காளி. அண்ணன் தம்பி பாகம் பிரித்த கரிசல்காடு அது. என் தாத்தாவுக்கு ஒரு பெரியப்பா இருந்த சங்கதியே எனக்குத் தெற்கெல்லையில்தான் கிடைத்தது.

பத்திரம் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகலுக்கு மனுப் போடலாம். உங்கள் ஊர் எட்டயபுரம் ஜமீனைச் சேர்ந்ததென்றால், 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு எழுதிய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் கேளுங்கள். 1986-க்கு முந்திய தாளில் திருநெல்வேலி ஜில்லா என்றுதான் இருக்கும்; தூத்துக்குடி மாவட்டம் என்று தேடி ஏமாறாதீர்கள். கத்தோலிக்கக் குடும்பமென்றால் பங்குக்கோயில் ஞானஸ்நான ஏடு உதவும். காமநாயக்கன்பட்டி, வீரமாமுனிவர் ஊழியம் செய்த பழைய பங்கு.

பெயரே துப்புக் கொடுப்பதும் உண்டு. கழுகாசலம் என்றால் கழுகுமலை. கோமதி என்றால் சங்கரன்கோவில் பக்கம் நேர்ச்சை இருந்திருக்கலாம். சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எந்தப் பக்கம் விசாரிப்பது என்பதற்கு மட்டும்.

காகிதத்தைவிட நான் நம்புவது குலதெய்வக் கோயிலை. குடும்பம் எத்தனை ஊர் மாறியிருந்தாலும், பங்குனி உத்திரத்துக்கு உங்கள் சாஸ்தா கோயிலுக்கு வருகிறவர்களில் உங்கள் கொடிவழிக்காரர்களும் இருப்பார்கள். தலைக்கட்டு வரி எழுதும் நோட்டு யாரிடம் இருக்கிறதென்று விசாரியுங்கள். மகன் தனிக்குடித்தனம் போனதும் புதுவரி விழும். ஆள் இறந்தால் பெயரை அடித்து மகன் பெயரை எழுதுவார்கள். நோட்டில் பெண்கள் பெயர் இருக்காது. அதற்கு, பொங்கல் வைக்க வந்திருக்கும் வயசான அத்தைமார்களிடம் உட்காருங்கள். யார் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டாள் என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

அப்படியே வரி நோட்டின் கடைசிப் பக்கத்தையும் புரட்டுங்கள். மாண்ட்ரியல் பேத்தியின் அப்பா பெயரில் ஏழெட்டு வருஷ வரி பாக்கி நின்றாலும் நிற்கும்.