வரிப்பாறைக்குள் ஓர் அலை

அன்புள்ள மைசூரு வாசகருக்கு,

நிலநடுக்க அலை ஒரே பாறையில் வடக்கே ஒரு வேகத்திலும் கிழக்கே வேறொரு வேகத்திலும் போகும் என்பதை நம்ப முடியவில்லை, கல் எந்தப் பக்கம் பார்த்தாலும் கல்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். பதில் உங்கள் ஊரிலேயே இருக்கிறது.

சாமுண்டி மலை கிரானைட். ஏறத்தாழ 80 கோடி ஆண்டுகளுக்கு முன் பாறைக்குழம்பாக எழும்பி இறுகியது. அதன் படிகங்கள் பெரும்பாலும் கண்டபடி கிடப்பதால், அலைக்கு அங்கே எல்லாத் திசையும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த மலை எந்தப் பாறையைத் துளைத்துக்கொண்டு வந்ததோ, அந்த நைஸ் என்னும் வரிப்பாறை ஏறத்தாழ 300 கோடி ஆண்டு பழையது. வெப்பமும் அழுத்தமும் அதைப் பிசைந்து கறுப்பும் வெள்ளையுமான வரிகளாக இழுத்துவிட்டன. கறுப்பு வரியிலிருக்கும் மைக்காத் தகடுகள், நம் பாட்டிமார் காக்காப்பொன் என்பார்களே அவைதாம், ஒரே பக்கமாகப் படிந்திருக்கின்றன. தகட்டுக்குள் அணுக்களின் பிடி வலுவானது; தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையில் தளர்ந்தது. அதனால் வரியோடு போகும் அலை விரைகிறது, வரியைக் குறுக்கே கடப்பது பின்தங்குகிறது. மரத்தில் ஒலி நாரோடு வேகமாகவும் நாருக்குக் குறுக்கே மெதுவாகவும் போவதைப் போல.

திசை பாராத பொருளின் மீள்தன்மையைச் சொல்ல இரண்டு எண்கள் போதும். திசைக்குத் திசை மாறும் பொருளுக்கு 21 வரை தேவைப்படும். அத்தகைய திண்மத்தில் எந்தத் திசையை எடுத்துக்கொண்டாலும் மூன்று அலைகள், மூன்று வேகங்கள் என்பதை 1877இல் கிறிஸ்டோஃபெல் என்ற ஜெர்மானியக் கணிதர் சமன்பாடாக்கினார். அதிலிருந்து கிடைக்கும் இன்னொரு முடிவு எனக்கு இன்றும் வியப்புத் தருகிறது. அலைமுகம் ஒரு பக்கம் நகர, அது சுமக்கும் ஆற்றல் சற்றே விலகி வேறு பக்கம் போகலாம்.

அந்த மூன்று அலைகளில் ஒன்று, போகும் திசையிலேயே அதிரும் நெட்டலை; மற்ற இரண்டும் அதற்குக் குறுக்கே அதிரும் குறுக்கலைகள். சாதாரணப் பாறையில் ஒன்றாகப் போகும் குறுக்கலை, வரியுள்ள பாறையில் இரண்டாகப் பிரிந்துவிடும். ஒன்று முந்தி வரும், மற்றது சற்றுப் பிந்தும். இந்த இடைவெளியை அளக்கப் பசிபிக் பெருங்கடலில், டோங்கா பக்கத்தில் எழும் பெரிய நடுக்கங்கள் உதவுகின்றன. அங்கிருந்து வரும் ஓர் அலை பூமியின் திரவமான வெளிக்கருவத்தை நெட்டலையாகக் கடக்கிறது, ஏனென்றால் திரவத்தில் குறுக்கலை செல்லாது. கருவத்தை விட்டு மேலேறும்போது மறுபடி குறுக்கலையாகிறது. வந்த வழியில் ஏற்பட்ட பிளவெல்லாம் கருவத்துக்குள் அழிந்துவிடும். ஆகவே நிலநடுக்கப் பதிவு நிலையத்தில் தெரியும் பிளவு முழுவதும் நம் பக்கத்துப் பாறைகளின் வேலை.

1990களில் ஐதராபாத் நிலையத்தின் பதிவுகளை ஆராய்ந்தவர்களுக்குப் பிளவே தென்படவில்லை. இது கவனமாகப் படிக்க வேண்டிய செய்தி. முந்தி வரும் குறுக்கலை அதிரும் திசையை விரைவுத் திசை என்போம்; வரும் அலையின் அதிர்வு அதோடு நேராகப் பொருந்திவிட்டாலும் பிளவு தெரியாது. பிறகு தென்னிந்தியாவில் பல நிலையங்கள் வந்தன, பல திசைகளிலிருந்து அலைகள் சேர்ந்தன. ஏறக்குறைய ஒரு நொடி இடைவெளியும், பல இடங்களில் இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. நகரும் வடகிழக்குப் போக்கை ஒட்டிய விரைவுத் திசையும் கிடைத்தன. சில இடங்களில் அது பழைய பாறை வரிகளை ஒட்டியும் இருந்தது. இன்றைய நகர்வின் தடமா, பழைய காலத்தில் உறைந்த தடமா என்ற விவாதம் தொடர்கிறது. இரண்டும் அடுக்கடுக்காகக் கலந்திருக்கின்றன என்பதே என் எண்ணம்.

அந்த ஒரு நொடிக்கு உங்கள் ஊர் நைஸே காரணமா? கணக்குப் போடுவோம். அங்கே பூமியின் மேலோடு சுமார் 40 கி.மீ. தடிமன் என்று வைத்துக்கொள்வோம். குறுக்கலை அதைக் கடக்கப் பதினோரு நொடி போல ஆகும். முழுவதும் வரிப்பாறை, வேக வேறுபாடு 3 விழுக்காடு என்று தாராளமாக வைத்தாலும் கிடைப்பது ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குதான். மீதிக்கு இன்னும் கீழே, கவசத்துக்குள் போக வேண்டும். அங்கே ஒலிவின் என்ற கனிமத்தின் படிகங்கள் இருக்கின்றன. அதன் ஓர் அச்சில் நெட்டலை நொடிக்கு 9.9 கி.மீ., வேறோர் அச்சில் 7.7 கி.மீ. அந்தப் படிகங்கள் ஓரளவு அணிவகுத்துக் குறுக்கலைக்கு 4 விழுக்காடு வேறுபாடு தந்தால், எண்பது கி.மீ. தடிமனுள்ள அடுக்கு மீதியை ஈடுசெய்துவிடும்.